குழந்தையிடமும் 'போய் வருகிறேன்' என்று சொல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அங்கன்வாடி மையங்களில் குழந்தைகளின் எடையும் உயரமும் அளக்கப்பட்டு, ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ளவர்கள் கண்டறியப்பட்டு வருவது குறித்துத் தங்கள் நாளிதழின் நீலகிரிப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். கோத்தகிரி வட்டாரத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த எடைக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடும் பள்ளமுமாக நடந்தவள் என்பதால், அந்தப் பணியின் அருமை எனக்குத் தெரியும். அதே குழந்தைகளைப் பற்றி, எடை அட்டையில் எழுத இடமில்லாத ஒன்றைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஒரு குழந்தை தன்னை வளர்ப்பவரிடம் எத்தகைய ஒட்டுதலோடு இருக்கிறது, அந்த ஒட்டுதல் எப்படி வளர்கிறது, நம் மலையில் அது எந்த இடத்தில் அறுபடுகிறது என்பதுதான் அது.

உளவியல் படித்தவர்கள் இதைப் 'பாதுகாப்பான பற்று' என்று எழுதுகிறார்கள். நம் வீடுகளில் இதற்கு வெகு காலமாகவே சொற்கள் இருக்கின்றன. ஏழெட்டு மாதக் குழந்தை புதியவரைக் கண்டு உதட்டைப் பிதுக்கினால் 'வேத்து முகம் பாக்குது' என்கிறோம். தாய் வெளியூர் போன பிறகு குழந்தை சோறு தண்ணீர் இல்லாமல் சுருண்டு கிடந்தால் 'ஏங்கிப் போச்சு' என்கிறோம். அடுத்த பிள்ளை பிறந்ததும் மடியை இழந்து மெலிந்து, எதற்கெடுத்தாலும் சிணுங்கும் மூத்ததைச் 'சவலை' என்கிறோம். இந்தச் சொற்களை உண்டாக்கியவர்கள் குழந்தைகளை உற்றுப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் பார்த்ததை நாம் நடைமுறையில் எவ்வளவு மதிக்கிறோம் என்பதில்தான் எனக்குக் குறை இருக்கிறது.

தடுப்பூசி போடும் நாட்களில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில் ஊசிக்கு வரும் குழந்தை என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். ஊசி குத்தும் வரை நான் யாரென்று அதற்குக் கவலையில்லை. அதே குழந்தை ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசிக்கு வரும்போது, நான் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே தாயின் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். ஊசிக்குப் பயந்து அழுகிறது என்று தாய்மார்கள் நினைப்பார்கள். அது என் முகத்துக்குத்தான் அழுகிறது. தன்னுடையவர் யார், அந்நியர் யார் என்று அந்த இடைவெளியில் அதற்குத் தெரிந்துவிட்டது. ஊசி போட்ட பிறகு நடப்பது இன்னும் கவனிக்கத் தக்கது. பெரும்பாலான குழந்தைகள் வீறிட்டு அழுது, தாயின் தோளில் முகத்தைப் புதைத்து, அவள் முதுகைத் தட்டிக்கொடுக்க இரண்டு மூன்று நிமிடங்களில் ஓய்ந்து, கண்ணீர் காயுமுன்னே என் மேசையிலிருந்த பஞ்சு டப்பாவை எட்டிப் பிடிக்கப் பார்க்கும். சில குழந்தைகளுக்குத் தாய் எவ்வளவு தேற்றினாலும் அழுகை நிற்காது. தூக்கச் சொல்லிக் கையை நீட்டும், தூக்கினால் உதைத்துக்கொண்டு கீழே இறங்கும். மிகச் சில, ஊசி குத்தியும் தாயின் பக்கம் திரும்பவே திரும்பாது. அந்தச் சிலரைத்தான் நான் அப்போது 'நல்ல பிள்ளை, அழவே மாட்டான்' என்று மெச்சியிருக்கிறேன். இன்று நினைத்தால் மனம் வலிக்கிறது.

கனடாவில் வளர்ந்த உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் இதையே முறையாக ஆராய்ந்தவர். 1954, 1955 ஆண்டுகளில் உகாண்டாவின் கம்பாலாவுக்கு அருகிலுள்ள கிராமங்களில் 26 குடும்பங்களுக்கு வீடு வீடாகச் சென்று, தாய்மார்களையும் கைக்குழந்தைகளையும் மாதக் கணக்கில் கவனித்தார். அந்தப் பெண்களும் நம் பெண்களைப் போலவே தோட்டத்தில் பாடுபட்டவர்கள்தான். தாய் அருகில் இருக்கிறாள் என்ற நம்பிக்கை உள்ள குழந்தை அவளை விட்டுத் தவழ்ந்து போய், உலகத்தைத் தொட்டுப் பார்த்து, பயம் வந்ததும் அவளிடமே திரும்பி வருவதை அவர் அங்கே கண்டார். பின்னர் அமெரிக்காவின் பால்டிமோரில், ஒரு வயதை ஒட்டிய குழந்தையைத் தாயிடமிருந்து சில நிமிடங்கள் பிரித்து மீண்டும் சேர்த்து வைத்துக் கவனிக்கும் ஒரு சிறு சோதனையை உருவாக்கினார். அது முழுவதும் முடிய ஏறத்தாழ இருபது நிமிடங்களே ஆகும். தாய் போகும்போது குழந்தை எவ்வளவு அழுதது என்பதற்கு அவர் பெரிய எடை கொடுக்கவில்லை. அவள் திரும்பி வரும்போது குழந்தை என்ன செய்தது என்பதையே முதன்மையாகப் பார்த்தார். ஓடி வந்து ஒட்டிக்கொண்டு, தேறி, மறுபடி விளையாடப் போகும் குழந்தையின் பற்று உறுதியானது என்றார். என் ஊசி மேசைக்கு எதிரே ஒவ்வொரு புதன்கிழமையும் நடந்தது ஏறத்தாழ இதுவேதான்.

இந்த உறுதி எங்கிருந்து வருகிறது? அழும்போது தூக்கியவரும், பசிக்கும்போது ஊட்டியவரும், காலில் போட்டுக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டியவரும், தூளி ஆட்டியவரும் மீண்டும் மீண்டும் அதே முகமாக வருவதால் வருகிறது. 'தூக்கித் தூக்கிக் கைப்பழக்கம் ஆயிரும், கொஞ்சம் அழ விடு' என்று தாய்மார்களுக்கு அறிவுரை சொல்லும் பெரியவர்கள், தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எல்லா லைன் வீடுகளிலும் உண்டு. ஐன்ஸ்வொர்த்தும் அவருடைய மாணவி சில்வியா பெல்லும் 1972-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மாறானதைக் கண்டது. முதல் மாதங்களில் அழுகைக்கு உடனே செவிசாய்க்கப்பட்ட குழந்தைகள், முதல் ஆண்டின் முடிவில் மற்றவர்களைவிடக் குறைவாகவே அழுதன. கூப்பிட்டால் ஆள் வரும் என்று தெரிந்துகொண்ட குழந்தை தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை.

இனி நம் தோட்டங்களுக்கு வருகிறேன். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், பெண் தொழிலாளர்கள் மிகுந்த தோட்டங்களில் அவர்களுடைய சிறு குழந்தைகளுக்குத் தனி அறை வேண்டும் என்றும், காற்றும் வெளிச்சமும் உள்ள அந்த அறை குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றும் அன்றே எழுதி வைத்தது. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து இந்த மலைக்கு வந்த குடும்பங்களின் பெரியவர்கள் அந்த அறையைப் 'பிள்ளைக் காம்பரா' என்பார்கள். வீடற்ற குழந்தைகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்காகப் பிரிட்டன் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி எழுதிய அறிக்கை வெளிவந்ததும் அதே 1951-இல்தான். தாயோ தாயின் இடத்தில் நிலையாக நிற்கும் ஒருவரோ இடையறாத, நெருக்கமான உறவைக் குழந்தைக்குத் தர வேண்டும் என்றும், அந்த உறவில் இருவருமே மகிழ்ச்சி காண வேண்டும் என்றும் பௌல்பி எழுதினார். சட்டம் கேட்ட 'பயிற்சி பெற்ற பெண்', பௌல்பி சொன்ன 'நிலையாக நிற்கும் ஒருவர்' ஆகிய இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு நல்ல ஆயாவின் இலக்கணம் கிடைத்துவிடும். ஆயாவும் மகிழ்ச்சி காண வேண்டுமானால், அவர் கையில் ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு கைக்குழந்தைகள் இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நான் பணியாற்றிய பகுதியில், பெயர் குறிப்பிட வேண்டாத ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே பதினைந்து ஆண்டுகளாக ஒரே ஆயா இருந்தார். இலை பறிக்கப் போகும் பெண்கள் காலையில் மழைக்குக் கட்டும் படங்கோடும் கூடையோடும் வந்து பிள்ளைகளை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். அழுத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தாய் மேட்டில் ஏறி மறையும் வரை வாசலில் நின்று காட்டுவார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. அவர் ஓய்வு பெற்றதும், வயலில் வேலை செய்ய முடியாத ஒருவரை ஒரு மாதம், வேறொருவரை இரண்டு மாதம் என்று ஆளை மாற்றி மாற்றி உட்கார வைத்தார்கள். அங்கிருந்த இரண்டு வயதுப் பையன் ஒருவன் முதல் வாரம் கதவைப் பிடித்துக்கொண்டு அலறினான். இரண்டாம் வாரம் தாயின் தலைத்துண்டை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தான். மூன்றாம் வாரம் நான் சென்றபோது அழவில்லை. 'இப்ப பழகிட்டான் சிஸ்டர்' என்றார் அங்கிருந்த பெண். சாயங்காலம் பறித்த இலையை எடை போட்டுவிட்டு வந்த தாய் பெயர் சொல்லி அழைத்தபோது, அவன் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தரையைப் பார்த்தான். எடை அட்டையில் அந்த மாதம் அவன், எடை சரியாக இருப்பதைக் காட்டும் பச்சைக் கோட்டுக்குள்தான் இருந்தான்.

பழகிப்போவதற்கும் அடங்கிப்போவதற்கும் உள்ள வேறுபாட்டை உலகம் கற்றுக்கொண்டது மருத்துவமனைகளில். 1950-கள் வரை பிரிட்டன் மருத்துவமனைகள் சிறு குழந்தைகளைப் பார்க்கப் பெற்றோருக்குச் சொற்ப நேரமே கொடுத்தன. தாயைக் கண்டால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது என்பது செவிலியர் சொன்ன காரணம். பௌல்பியுடன் பணிபுரிந்த ஜேம்ஸ் ராபர்ட்சன் அந்த வார்டுகளில் உட்கார்ந்து கவனித்தார். முதலில் குழந்தை கதறி எதிர்க்கிறது, பிறகு நம்பிக்கை இழந்து சோர்கிறது, அதன்பின் யாரும் வேண்டாம் என்பதுபோல் விலகி நிற்கிறது என்று மூன்று படிகளை அவர் எடுத்துக்காட்டினார். செவிலியர் 'தேறிவிட்டது' என்று நினைத்தது இரண்டாம், மூன்றாம் படிகளை. எத்தனையோ விவாதங்களுக்குப் பிறகு 1959-இல், மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிளாட் குழு, பெற்றோர் வந்து பார்ப்பதற்குக் கட்டுப்பாடு வேண்டாம் என்று அந்நாட்டு அரசுக்குப் பரிந்துரைத்தது. உண்மையாகவே பழகிய குழந்தையைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. அது விளையாடும், சாப்பிடும், விழுந்து அடிபட்டால் ஆயாவிடம் ஓடும், மாலையில் தாயைக் கண்டதும் ஓடி வரும், சில நேரம் அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகையை அவளிடம் கொட்டும். அடங்கிப்போன குழந்தை இவற்றில் எதையும் செய்யாது.

சட்டத்தில் உள்ள ஒரு பொருத்தமின்மையையும் இங்கே சொல்ல வேண்டும். 2017-ஆம் ஆண்டின் திருத்தத்தால் மகப்பேறு விடுப்பு 26 வாரங்களாக உயர்ந்தது பெரிய நன்மை. ஆனால் விடுப்பு முடிந்து தாய் வேலைக்குத் திரும்பும் ஆறாம் மாதத்துக்கு அடுத்தாற்போலத்தான் குழந்தைக்கு வேற்று முகம் தெரியத் தொடங்குகிறது. அதாவது, புதியவரைக் கண்டு அஞ்சும் பருவம் பிறக்கும்போதே அதை முன்பின் அறியாத ஆயாவின் கையில் கொடுக்கிறோம். இதற்குச் செலவில்லாத ஒரு வழி உண்டு. நான்காம், ஐந்தாம் மாதத்திலேயே தாய் குழந்தையோடு காப்பகத்துக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் வந்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஆயாவின் மடியில் பிள்ளையை விட்டுப் பழக்கலாம். வேலைக்குத் திரும்பும் நாளில் அந்த மடி குழந்தைக்குப் புதிதாக இருக்காது. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை தாய்க்கு நாளொன்றுக்கு இரண்டு முறை பாலூட்ட இடைவேளை தர வேண்டும் என்ற விதி 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டக் காலத்திலிருந்தே இருந்து வருகிறது. பறிப்பு நடக்கும் காடு காப்பகத்திலிருந்து இரண்டு மைல் தள்ளி இருந்தால் அந்த இடைவேளை ஏட்டோடு நின்றுவிடுகிறது. சிறு விவசாயிகளின் தோட்டங்களில் அன்றாடக் கூலிக்குப் போகும் பெண்களுக்கோ விடுப்பும் இல்லை, இடைவேளையும் இல்லை. அவர்களில் பலர் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுப் போகிறார்கள். அந்தப் பக்கத்து வீடு எப்போதும் ஒரே வீடாக இருந்தால் அதுவே பெரிய புண்ணியம்.

பல கைகளில் வளர்வது குழந்தைக்குக் கேடு என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். படுகர் சமூகத்தவரின் ஊர்களான ஹட்டிகளில் வரிசை வீடுகளின் முன்புள்ள களத்தில், பிள்ளை அத்தையின் இடுப்பிலிருந்து பெரியம்மாவின் இடுப்புக்கும் அங்கிருந்து பாட்டியின் மடிக்கும் போய்க்கொண்டே இருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்தக் கைகள் நான்கானாலும் ஆறானாலும் ஆண்டு முழுவதும் அதே கைகள். ஒரு குழந்தையால் சிலரோடு ஒரே நேரத்தில் பற்றுக் கொள்ள முடியும். அவர்களில் ஒருவரை முதன்மையாகவும் வைத்துக்கொள்ளும். மாதத்துக்கு ஒரு புதுக் கை வருவதைத்தான் அதனால் தாங்க முடிவதில்லை.

இந்த இடத்தில் என் வீட்டுக் கதையைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையாக எழுதியவளாக மாட்டேன். பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கிடைக்காமல் போன நாளிலிருந்து எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கிவிட்டார்கள். என் மகளும் மருமகனும் திருப்பூரில் வேலை பார்க்கிறார்கள். வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையில் குழந்தையை வைத்துக்கொள்ள வழியில்லாததால், பதினான்கு மாதத்தில் பேத்தி என்னிடம் வந்தாள். மகள் மாதத்துக்கு ஒரு முறை சனிக்கிழமை இரவு வந்து, திங்கள் விடியற்காலை முதல் பேருந்தில் மேட்டுப்பாளையம் இறங்கிவிடுவாள். 'பிள்ளை பார்த்தா அழும், தூங்குறப்பவே கிளம்பிடு' என்று அவளுக்குச் சொன்னது நான்தான். முப்பது ஆண்டு குழந்தைகளோடு வேலை செய்தவள், ஊரார் சொல்வதையே நானும் சொன்னேன்.

மகள் அப்படிக் கிளம்பிப் போன அன்று காலை, பேத்தி விழித்ததும் கட்டிலில் தடவிப் பார்த்தாள். கம்பளியைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு தட்டுத்தடுமாறி வாசலுக்குப் போய், அம்மாவின் செருப்பு கிடந்த இடத்தைப் பார்த்தாள். செருப்பு இல்லை. அந்த இடத்தைக் கையால் தொட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து என்னையும் அவள் நம்பவில்லை. நான் குளிக்கப் போனால் கதவைத் தட்டுவாள். இரவு என் முந்தானையைக் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தூங்குவாள். புரண்டு படுத்தால் விழித்துக்கொள்வாள். உறங்கினால் ஆட்கள் காணாமல் போவார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, பிறகு எப்படி உறங்குவாள்? மூன்றாம் மாதம் மகள் வந்து கைநீட்டியபோது, என் முழங்காலுக்குப் பின்னால் நின்றுகொண்டு, விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகள் அடுப்படிக்குப் போய் அழுதாள். அந்தப் பையன் தரையைப் பார்த்தது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் முறையை மாற்றினோம். கிளம்பும் நாளில் குழந்தையை எழுப்பி, அம்மாவின் கையாலேயே பால் கொடுத்தோம். பையில் துணி அடுக்குவதை அவள் கண் முன்னால் செய்தோம். 'அம்மா பஸ்ஸுல போயிட்டு, சம்பள வாரத்துல வருவேன். அதுவரைக்கும் நீ அம்மாயிகூட இருப்ப' என்று மகள் ஒவ்வொரு முறையும் அதே சொற்களில் சொன்னாள். பேருந்து நிறுத்தம் வரை நானும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனேன். வீட்டுக்குத் திரும்பும் வழி முழுவதும் அலறினாள். 'அழாதே' என்று நான் சொல்லவில்லை. 'அம்மா போயிட்டா, உனக்கு வருத்தமா இருக்கு, அம்மாயி இருக்கேன்' என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். மகளுடைய பழைய ஸ்வெட்டர் ஒன்றைத் துவைக்காமல் அவள் படுக்கையில் வைத்தேன். அலைபேசியில் எந்த நேரத்திலாவது அழைக்காமல், தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஏழரை மணிக்கு அழைக்கச் செய்தேன். சின்னக் குழந்தைக்குத் திரையில் தெரியும் முகத்தைவிட, அது சொன்ன நேரத்துக்கு வருவது பெரிது. நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ, நிறுத்தத்தில் அவளே டாட்டா காட்டிவிட்டு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அழுதாள்; ஆனால் பக்கத்துக் கடை வருவதற்குள் நாய்க்குட்டியைக் காட்டினாள். அடுத்த முறை மகள் வந்தபோது ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள்.

நம் மொழியில் விடைபெறும்போது யாரும் 'போகிறேன்' என்று சொல்வதில்லை; 'போயிட்டு வர்றேன்' என்றே சொல்கிறோம். பால்காரரிடம்கூட அப்படித்தான் சொல்கிறோம். திரும்பி வருவோம் என்ற அந்த உறுதிமொழி யாருக்கு மிகவும் தேவையோ, அந்தக் குழந்தையிடம் மட்டும் சொல்லாமல் கொல்லைப்புறமாக நழுவுகிறோம். அழுகை வரும் என்பது உண்மைதான். அந்த அழுகையைத் தேற்ற அந்த நேரத்தில் ஒருவர் அருகில் இருக்கிறார். சொல்லாமல் போனால் குழந்தை விழித்து, தேடி, தானே கண்டுபிடித்து அழுகிறது. இரண்டாவது அழுகை மிகவும் கொடியது. இதோடு சேர்த்து இன்னொரு பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். 'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்', 'சொன்ன பேச்சு கேக்கலைன்னா அம்மா திரும்ப வரமாட்டா' என்று விளையாட்டாகவும் மிரட்டலாகவும் சொல்கிறோம். பெற்றோர் பக்கத்திலேயே இருக்கும் குழந்தை ஒருவேளை சிரித்துவிடும். பெற்றோர் திருப்பூரில் இருக்கும் குழந்தை அதை அப்படியே நம்பும்.

வேலைக்குப் போகும் தாய்மார்கள் மீது பழி போட இதை எழுதவில்லை. பௌல்பியின் அறிக்கையைப் பிடித்துக்கொண்டு, தாய் ஒரு கணமும் பிரியக் கூடாது என்று பேசியவர்கள் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள். 1991-இல் அமெரிக்காவில் தொடங்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வு, காப்பகத்தில் விடுவதால் மட்டுமே குழந்தையின் பற்று கெடுவதில்லை என்று கண்டது. வீட்டில் குழந்தையின் தேவையை உணர்ந்து நடப்பது குறைவாக இருந்து, அதோடு காப்பகத்தின் தரமும் தாழ்ந்தோ ஏற்பாடுகள் அடிக்கடி மாறியோ இருக்கும்போதுதான் ஆபத்து கூடியது. எட்வர்ட் ட்ரோனிக் என்ற ஆய்வாளர் தாயும் குழந்தையும் முகம் பார்த்து விளையாடுவதை நொடி நொடியாக ஆராய்ந்தபோது, நல்ல உறவிலும் அவர்கள் பெரும்பாலான நேரம் ஒத்திசைந்து இருப்பதில்லை என்றும், விலகுவதும் மீண்டும் சேர்வதுமாகவே இருக்கிறார்கள் என்றும் கண்டார். மீண்டும் சேர்வதில்தான் குழந்தை நம்பிக்கையைக் கற்கிறது. நாள் முழுவதும் இலை பறித்து, ஈரத் துணியோடு வந்து, அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன் பத்து நிமிடம் பிள்ளையை மடியில் போட்டுக்கொள்ளும் தாய் எதையும் இழக்கவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் முதலில் தோட்ட நிர்வாகங்களுக்கு. காப்பக ஆயா வேலையை, பறிப்புக்கு ஆகாதவர்களுக்கு ஒதுக்கும் வேலையாகக் கருதக் கூடாது. ஒருவர் ஓய்வு பெறுவதானால், புதியவர் குறைந்தது இரண்டு வாரமாவது அவரோடு சேர்ந்து இருந்து, ஒவ்வொரு குழந்தையும் எதற்கு அழும், எப்படித் தூங்கும் என்று கற்றுக்கொண்ட பிறகு பொறுப்பேற்கட்டும். இப்போது ஜார்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து பறிப்பு வேலை செய்யும் குடும்பங்களின் பிள்ளைகளும் நம் காப்பகங்களில் இருக்கிறார்கள். தண்ணீர், பசி, அம்மா வருவாள் என்ற மூன்றையும் அவர்கள் மொழியில் சொல்ல ஆயா கற்றுக்கொள்வது ஒரு பகல் வேலைதான். மாவட்டத்தின் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மையத்தின் பணியாளர், உதவியாளர் இருவரையும் ஒரே சமயத்தில் மாற்ற வேண்டாம். புதிதாகச் சேரும் குழந்தையோடு முதல் சில நாட்கள் தாயோ பாட்டியோ உள்ளே உட்கார்ந்திருக்க அனுமதியுங்கள். வாசலில் பிடுங்கிக் கதவைச் சாத்துவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் உலக வங்கியும் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட சிறு குழந்தைப் பராமரிப்பு வழிகாட்டுதல் உடல்நலம், ஊட்டம், பாதுகாப்பு, தொடக்கக் கல்வி ஆகியவற்றோடு, குழந்தையின் குறிப்பறிந்து நடக்கும் பராமரிப்பையும் சம இடத்தில் வைத்திருக்கிறது. நம் பயிற்சி வகுப்புகளிலும் அதற்கு ஒரு நாளாவது கிடைக்க வேண்டும். யாரையும் தேடாத, எந்த அந்நியரிடமும் தயங்காமல் போகும், அடிபட்டாலும் அழாத குழந்தையைக் கண்டால், 'சமத்து' என்று விட்டுவிடாமல் குழந்தை நல மருத்துவரிடம் காட்டச் சொல்லிக்கொடுத்தால் அதுவே நல்ல தொடக்கம்.

என் பேத்திக்கு இப்போது மூன்று வயது முடிகிறது. மகள் வந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமை மாலையானால் அம்மாவின் செருப்பை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைக்கிறாள். திங்கள் காலையில் மகள் தேடுவதுபோல் தேட, பேத்தியே எடுத்து வந்து அவள் காலடியில் வைத்து, எத்தனை நாள் என்று விரல்விட்டுக் கேட்கிறாள். வரும் ஜூன் மாதத்தில் அவளும் அங்கன்வாடிக்குப் போகிறாள். மலையெங்கும் அந்த வாரத்தில் புதிய பிள்ளைகள் மையங்களின் வாசலில் நின்று அழுவார்கள் என்பதால், அதற்கு முன் இந்தக் கடிதத்தை வெளியிட்டால் பயன்படும் என்று தங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.